செவலையின் முதுகு: அந்தியூரிலிருந்து திருநெல்வேலி வரை ஒரு குதிரை நடந்த நிகழ்வு ஆய்வு

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தையில் வாங்கிய பெண் குதிரை ஒன்று, மாசியில் திருநெல்வேலி வந்து சேர்ந்தது. தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பயணம் 20 நாள். தயாரிப்பு 25 வாரம். அந்தத் தயாரிப்பு 22 வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். மீதி மூன்று வாரம் என் தவறான கணிப்பால் போயிற்று. வலியைப் பொறுத்துக்கொண்டது குதிரை. என்ன செய்தோம், எங்கே பிசகினோம், எப்படித் திருத்தினோம் என்பதை அன்றாடக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

சவாரி செய்யவிருந்தவர் ஓர் இளம்பெண். குதிரை ஏறத் தெரிந்தவர்தான். ஆனால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் சென்றதில்லை. கோபி, காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, உசிலம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் என்று கிராமச் சாலைகள் வழியாகத் தெற்கே போக வேண்டும் என்பது அவர் ஆசை. குதிரையைத் தயார்செய்யும் பொறுப்பை நான் ஏற்றேன்.

வாங்கிய நாளில் இருந்த நிலை

காத்தியவாரி இனத்தின் சாயல், செம்பழுப்பு நிறம், பல்லைப் பார்த்தால் ஏழு வயது, கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேடு வரை 142 சென்டிமீட்டர். நிறத்தையே பெயராக்கி ‘செவலை’ என்று அழைத்தோம். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுவதுபோல் நிற்கும். சந்தையில் மார்வாரி, காத்தியவாரி இனங்களுக்குப் பாதி விலை அந்தக் காதுக்குத்தான். நான் காதைப் பார்க்கவில்லை. நான்கு காலையும் தூக்கிக் குளம்பைப் பார்த்தேன், கல் தரையில் நடக்கவிட்டு ஓசையைக் கேட்டேன். நான்கு அடியும் ஒரே சீராக விழுந்தன. ஏழு வயது என்பதும் எனக்கு முக்கியம். நான்கு வயதுக் குதிரை பார்வைக்கு வளர்ந்ததுபோல் இருந்தாலும் முதுகெலும்பு முழுமையாக முற்றியிருக்காது.

விற்பனைக்காகத் தவிடு கொடுத்துக் கொழுக்க வைத்திருந்தார்கள். விலா எலும்பு கைக்கே தட்டுப்படவில்லை. நெஞ்சுச் சுற்றளவு 168 சென்டிமீட்டர், உடல் நீளம் 152. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் தோராய எடை கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது 361. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நாள்தோறும் சுமக்கக் கூடாது என்பது நீண்ட தூரச் சவாரி செய்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு. அதன்படி 72 கிலோ. சவாரி செய்பவர் 64, சேணமும் அதன் அடியில் விரிக்கும் நம்தா மெத்தையும் 10, பைகள் 7, ஆக 81 கிலோ. அன்றே பைகள் குதிரையின் முதுகிலிருந்து இறங்கி, உடன் வரவிருந்த சிறு சரக்கு வண்டிக்குப் போயின. குதிரை மெலியும்போது இந்தக் கணக்கு இன்னும் இறுகும் என்பதும் அன்றே தெரிந்தது.

முதல் மூன்று வாரம் தனிக் கொட்டகை. சந்தையில் நூற்றுக்கணக்கான குதிரைகளோடு நின்ற ஒன்றை நேராக வீட்டுக் குதிரைகளோடு கட்டுவது ஆபத்து. கால்நடை மருத்துவர் சர்ரா, கிளாண்டர்ஸ் இரண்டுக்கும் இரத்தம் எடுத்து அனுப்பினார். சர்ரா என்பது குதிரை ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் கால் வீக்கமும் மெலிவும் அதன் அடையாளங்கள். கிளாண்டர்ஸ் பாக்டீரியாவால் வரும் நோய், மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மாநில எல்லை தாண்டும் எண்ணம் உள்ளவர்கள் இந்தச் சோதனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது. இரண்டும் இல்லை என்று முடிவு வந்தது. சாணத்தில் புழு முட்டைகள் நிறைய இருந்தன. எடைக்கு ஏற்பக் குடற்புழு மருந்து கொடுத்தார். டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசிகள் போட்டார். வழியெங்கும் தெருநாய்கள் காலடியில் பாயும் நாட்டில் ரேபிஸ் ஊசி இல்லாமல் குதிரையை வெளியே கொண்டுபோகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சாணத்தில் இன்னொன்றும் இருந்தது: மெல்லப்படாத முழுக் கொள்ளு. மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தி போல் கூர்ந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் அரத்தால் தேய்த்துச் சமன் செய்தார். நான்கு நாளில் சாணத்தில் கொள்ளு மறைந்தது. கடிவாளத்தை இழுத்தால் தலையைத் தூக்கும் பழக்கமும் பாதியாகக் குறைந்தது. அதைக் குதிரையின் குணம் என்றே சந்தையில் சொல்லியிருந்தார்கள்.

தீவனம்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல் வழியாக இங்கே வந்திறங்கியதையும், பேணத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்ததையும் குறித்துவைத்தார். சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்கள் என்றும் எழுதினார். குதிரைத் தீவனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் குதிரைகள் என் நினைவுக்கு வருகின்றன.

செவலை தவிட்டில் வளர்ந்தவள். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தொடர்ந்து அதையே கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட எலும்பை வைத்துக்கொண்டு தார்ச்சாலையில் 400 கிலோமீட்டர் போக முடியாது. கலப்பு நேப்பியர் புல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அதிலுள்ள ஆக்சலேட், தின்ற சுண்ணாம்பையும் உடலில் சேரவிடாது. ஆகவே இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகத் தவிட்டைக் குறைத்து, குதிரை மசால் என்ற தீவனப் பயிரும் அருகம்புல்லும் சோளத்தட்டையும் சேர்த்தோம். அவசரப்பட்டு மாற்றினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலியில் உயிரே போகலாம்.

ஓட்ஸ் வாங்கலாம் என்று சவாரி செய்பவர் விரும்பினார். நான் மறுத்தேன். பேரையூரில் ஓட்ஸுக்கு எங்கே போவது? வழியில் எது கிடைக்குமோ அதற்கே வயிறு பழக வேண்டும். ஊறவைத்து வேகவைத்த கொள்ளு எந்த ஊரிலும் கிடைக்கும், சோளத்தட்டையும் கடலைக்கொடியும் கிடைக்கும். பூஞ்சை படிந்த கடலைக்கொடியை மோந்து பார்த்து ஒதுக்க நாங்களும் பழகினோம். பூக்காத இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு இருக்கும் என்பதால் வழியோர வயலில் வாய் வைக்கவிடாமல் பழக்கினோம். கடைகளில் மூட்டையாக விற்கும் மாட்டுத் தீவனத்தை முற்றிலும் தவிர்த்தோம். மாட்டுக்கும் கோழிக்கும் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து சிறிதளவு கலந்திருந்தாலும் குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

உப்பைத் தனியே சொல்ல வேண்டும். குதிரையின் வேர்வை அதன் இரத்தத்தைவிட உப்பு மிகுந்தது. உப்பை இழந்த குதிரைக்குத் தாகமே எடுக்காமல் போகலாம், அதனால் நீர் வற்றிய நிலையிலும் குடிக்காமல் நிற்கும். ஓய்வு நாளில் 30 கிராம், உழைக்கும் நாளில் 60 கிராம் கல்லுப்பைப் பொடித்துக் கொள்ளில் கலந்தோம்.

உழைப்பு

நான்காம் வாரம் முதல் கையில் பிடித்து நடத்தினோம். ஆறாம் வாரம் சேணம் ஏறியது. முதலில் நாளுக்கு ஐந்து கிலோமீட்டர், வெறும் நடை. வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டினோம். தூரத்தைக் கூட்டிய வாரத்தில் வேகத்தைக் கூட்டவில்லை. ஒன்பதாம் வாரத்தில்தான் இடையிடையே ஓட்டநடை வந்தது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, நான்கு வாரத்துக்கு ஒரு முறை பாதி உழைப்பு வாரம்.

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36 முதல் 40. ஏழாம் வாரத்தில் எட்டு கிலோமீட்டர் நடந்து பத்து நிமிடம் நின்ற பிறகும் 72 இருந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் பதினாறு கிலோமீட்டருக்குப் பின் அதே பத்து நிமிடத்தில் 52-க்கு இறங்கியது. நீண்ட தூரக் குதிரைப் போட்டிகளில் மருத்துவச் சோதனையைத் தாண்ட 64-க்குள் இறங்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துச் சவாரி செய்பவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “இப்போதே புறப்படலாமே அண்ணா” என்றார்.

எனக்கு அந்த எண்தான் பயத்தைத் தந்தது. இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணுக்கு மாதக்கணக்காகும், எலும்புக்கு அதைவிட அதிகமாகும். முதுகுத் தோல் பாரத்துக்குப் பழகுவதும் மெதுவாகத்தான். நெஞ்சு தயாரான குதிரை இன்னும் போகலாம் என்று துடிக்கும், கால்கள் அதற்கு ஈடுகொடுக்காது. அந்த இடைவெளியில்தான் குதிரைகள் முடமாகின்றன. “நாடி தயார், கால் தயாரில்லை” என்று சொல்லி நிறுத்திவைத்தேன். இவ்வளவு தெரிந்த நான் முதுகைக் கவனிக்காமல் விட்டேன்.

ஐப்பசி மழையில் குளம்புகள் ஊறி மென்மையாயின. குளம்பின் அடியில் நடுவே உள்ள முக்கோணச் சதையில் அழுகல் வாடை வந்தது. கொட்டகைத் தரையில் மணலைக் கொட்டி உயர்த்தி, தினம் இரு வேளை குளம்பைச் சுரண்டிக் காயவைத்தோம். மழை நாள்களில் தார்ப்பாய் படபடப்பது, லாரியின் ஒலிப்பான், பறை, பட்டாசு ஆகியவற்றுக்குப் பழக்கினோம். முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில், ஒவ்வொரு முறையும் அவள் தலை தாழ்ந்த பிறகே அடுத்த படி.

லாடம் அடிக்க வந்தவர் எழுபதை நெருங்கிய பெரியவர். மாட்டுக்கு லாடம் அடிப்பவர்களே அருகிவிட்ட காலம் இது. மாட்டின் பிளவுக் குளம்புக்கு இரண்டு துண்டு, குதிரைக்கு ஒரே வளையம். ஆணி செல்லும் கோணமும் வேறு. கொஞ்சம் உள்ளே போனால் உயிருள்ள பகுதியில் பாய்ந்துவிடும். “லாடத்துக்குக் குளம்பைச் சீவக் கூடாது தம்பி, குளம்புக்கு லாடத்தை வளைக்க வேண்டும்” என்று சொல்லி, முதல் நாள் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். தார்ச்சாலையில் 210 கிலோமீட்டர் போனதும் முன்னங்கால் லாடத்தின் நுனி பாதியாகத் தேய்ந்திருந்தது. பயணத்தின் நடுவில் மாற்றியே ஆக வேண்டும் என்பது அந்த அளவால் தெரிந்தது. அவள் குளம்புக்கே வளைத்த இரண்டு ஜோடிகளை முன்கூட்டியே செய்து வண்டியில் வைத்தோம். பெரியவர் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு வந்து மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

பதினான்காம் வாரத்தில் காங்கேயம் பக்கம் இரண்டு இரவு வெள்ளோட்டம் போனோம். அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர் சற்று உப்பு. செவலை வாளியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் படிய மூன்று நொடி ஆயிற்று, சாணம் சிறு சிறு உருண்டைகளாகக் காய்ந்து விழுந்தது. பயணத்தில் இது நடந்திருந்தால் குடல் அடைப்பு வந்திருக்கும். வீடு திரும்பியதும் தினமும் ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடி வெல்லம் கரைத்துக் கொடுத்தோம். பத்தே நாளில் வெல்ல வாசனை இருந்தால் எந்தத் தண்ணீரையும் குடிக்கத் தொடங்கினாள்.

முதுகு

பதினாறாம் வாரம், செவ்வாய்க்கிழமை. சேணத்தை இறக்கித் தடவும்போது தோள்மேட்டின் இடப்பக்கம், நான்கு விரல் கீழே, சூடான வீக்கம். தோல் உடையவில்லை. லேசாக அழுத்தியதும் முதுகை வளைத்துத் தாழ்த்தினாள்.

அன்று இரவு குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒன்பது நாளாக என் கையெழுத்திலேயே இருந்தது: “சேணத்தடியில் வேர்வை படாத இடம், இடது, உள்ளங்கை அளவு.” சுற்றிலும் நனைந்த முடிக்கு நடுவே உலர்ந்த ஒரு திட்டு. உராய்வில்லாத இடம் என்று நினைத்து, எழுதிவிட்டு, கடந்துபோயிருக்கிறேன். பொருள் நேர் எதிர். அந்த இடத்தில் அழுத்தம் இரத்த ஓட்டத்தையே தடுக்கும் அளவுக்கு இருந்ததால்தான் வேர்வைகூட வரவில்லை.

காரணம் கண்முன்னே இருந்தது. நெஞ்சுச் சுற்றளவு 168-இலிருந்து 163-ஆகியிருந்தது, எடை 340. கொழுப்பு கரைந்து முதுகின் வடிவமே மாறிவிட்டது. நான்காம் வாரத்தில் அவளுக்கு அளவெடுத்த சேணம் இப்போது முன்பக்கம் சாய்ந்து இறங்கியது. தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே மூன்று விரல் நுழைந்த இடத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அதைக் கவனித்ததும் நான் செய்தது இன்னும் மோசம். சேணத்தை உயர்த்துவதாக நினைத்து இரண்டாவது நம்தாவைப் போட்டேன். அளவில் பெரிய செருப்புக்குள் தடித்த துணியைச் சுற்றிக் காலை நுழைத்தது போலத்தான் அது. அழுத்தும் இடத்தில் இன்னும் அழுத்தியது. வெள்ளோட்டத்தில் அவள் சேணம் ஏறும்போது காதைப் பின்னுக்கு மடித்தாள். அதையும் புதிய ஊரின் மிரட்சி என்று எடுத்துக்கொண்டேன். அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் சொன்னபடி பதினாறு நாள் சேணம் கிடையாது. முதல் இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம். வீக்கம் தானாக வடியும்வரை எதையும் அழுத்தித் தேய்க்கவில்லை. தோல் உடைந்திருந்தால் இரண்டு மாதமாவது போயிருக்கும். உழைப்பை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர், சவாரி செய்பவர் அவளோடு சேர்ந்து நடந்தார். அந்த நடையில் அவருக்கும் மூன்று கிலோ குறைந்தது, நாங்கள் எதிர்பாராத நன்மை.

சேணத்தின் உள் சட்டம் குறுகலானதாக வேறொன்று வாங்கி, அடிப்பக்கத் திணிப்பைப் பிரித்து அவள் முதுகுக்கு ஏற்ப மீண்டும் நிரப்பினோம். ஈயக்கம்பியை முதுகின் குறுக்கே வைத்து வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதிதாக வரைந்து பழைய கோட்டோடு ஒப்பிட்டோம். நம்தா ஒன்றே ஒன்று. மறுபடி சேணம் ஏறிய முதல் ஐந்து நாள் அரை மணி நேரம் மட்டும். ஜனவரி நடுவில் புறப்பட வேண்டியவர்கள் பிப்ரவரி முதல் வாரத்தில் புறப்பட்டோம்.

வழியில்

தாமதத்தால் வெயில் எங்களுக்கு முன்னே வந்துவிட்டது. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகள், ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவெளியின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் முதல் மூன்று மணி வரை பயன்படுத்தவே கூடாது என்கின்றன. அந்த உச்சவரம்பை நாங்கள் நெருங்கவே இல்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி பத்து மணிக்குள் நிறுத்தினோம். நாளுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர். மணிக்குப் பத்து நிமிடம் சவாரி செய்பவர் இறங்கி நடந்தார். அவரும் சேணமும் சேர்ந்து 71 கிலோ, குதிரையின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு. நான் விரும்பிய அளவைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அந்த நடை அதற்கு ஈடு.

எதிர்பாராத ஆபத்து சாலையிலேயே விரிந்து கிடந்தது. அது கொள்ளு அறுவடைக் காலம். வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று விவசாயிகள் கொள்ளுக்கொடியைத் தார்ச்சாலையில் பரப்பியிருந்தார்கள். பசித்த குதிரைக்கு அது விருந்து. பச்சைக் கொள்ளை மண்ணோடும் கல்லோடும் வாரித் தின்றால் அன்றிரவே வயிற்றுவலி. அந்த இடங்களில் எல்லாம் இறங்கி, தலையைத் தூக்கிப் பிடித்து, ஓரமாகக் கடந்தோம். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும்போது நடுத்திட்டில் பூத்துக் குலுங்கும் அரளி. அதில் சிறிதளவு இலையே ஒரு குதிரைக்கு யமன். அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டி வலது முன்னங்காலைத் தயங்கித் தயங்கி வைத்தாள். குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவே ஒரு சரளைக்கல். எடுத்தபின் இரண்டு நாள் நிறுத்தினோம். திட்டத்தில் இருந்த ஐந்து ஓய்வு நாள்களில் இரண்டு அங்கே செலவாயின. வத்தலக்குண்டில் பெரியவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்களிடம் பேசும் முன்பே அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார். “நிறுத்தியது சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் வெல்லம் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் வாங்கி வாளியில் கரைத்தோம். வேலை நாள்களில் 40 லிட்டருக்குக் குறையாமல் குடித்தாள்.

இருபதாம் நாள் திருநெல்வேலி. மறுநாள் விடியற்காலை கடைசிச் சோதனை: நாடித்துடிப்பு 38, உடல் வெப்பம் 37.8, வயிற்றின் இருபுறமும் குடல் இரைச்சல் சீராக, நான்கு காலிலும் சூடில்லை. சுற்றளவு 161, அதாவது 332 கிலோ. புறப்பட்டதைவிட எட்டு கிலோ குறைவு. முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். தோள்மேட்டுக்குக் கீழே இடப்பக்கம் கை நின்றது. அவள் அசையவில்லை, வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி வெள்ளையாக முளைத்திருந்தது. அழுத்தத்தில் நிறமிழந்த வேரிலிருந்து வந்த முடி. அது இனி பழுப்பாகாது.